கொள்ளைநோயின் கணக்கு

ஓர் ஊரில் கொள்ளைநோய் புகுகிறது. முதலில் ஒரு வீட்டில் ஒருவர் படுக்கிறார். அடுத்த வாரம் நாலு பேர். அதற்கடுத்த வாரம் தெருவே படுக்கிறது. சில மாதங்களில் நோய் உச்சத்தை அடைந்து, பிறகு மெல்லத் தணிந்து மறைகிறது. நோய் ஏன் வந்தது என்று எல்லோரும் கேட்கிறோம். அது ஏன் நின்றது என்று கேட்பவர்கள் குறைவு. நோய் தொடாத மக்கள் ஊரில் இன்னும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். கிருமியும் அங்கேதான் இருக்கிறது. பின் ஏன் நின்றது?

இக்கேள்விக்கு முன்னாளில் இரண்டு விடைகள் கூறப்பட்டு வந்தன. நோய் பெறக் கூடியவர்கள் அனைவரும் நோயுற்றுத் தீர்ந்துவிட்டனர் என்பது ஒன்று. கிருமி ஆளுக்கு ஆள் தாவித் தாவித் தன் வீரியத்தை இழந்துவிட்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் இல்லாமலேயே நோய் நிற்க முடியும் என்று காட்டியது நுண்ணோக்கி அன்று, கணிதம். அக்கணிதத்தை வளர்த்தவர்களுள் முக்கியமான இருவர் இந்தியாவில் பணியாற்றிய மருத்துவர்கள். அவர்கள் கண்ட விடை இன்று தடுப்பூசித் திட்டங்களுக்கு அடிப்படையாக விளங்குகிறது. அவ்வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பெர்னூலி கேட்ட கேள்வி

பாய்மங்களின் ஓட்டத்தைப் பற்றிய பெர்னூலியின் தேற்றத்தை இயற்பியல் மாணவர்கள் நன்கு அறிவர். அதே டேனியல் பெர்னூலிதான் நோயைப் பற்றிய முதல் பெரிய கணக்கையும் செய்தவர். அவர் எடுத்துக்கொண்ட நோய் பெரியம்மை.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பெரியம்மை ஆண்டுதோறும் ஏராளமானோரைக் கொன்று வந்தது. ஜென்னரின் பசு அம்மைத் தடுப்பு முறை 1796-இல்தான் வந்தது. அதற்கு முன்னர் வேறொரு முறை வழக்கில் இருந்தது. அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்த பொருளை நலமாயிருப்பவரின் தோலில் கீறிச் செலுத்துவார்கள். பெரும்பாலோருக்கு இலேசான அம்மை கண்டு, பின் வாழ்நாள் முழுவதும் அந்நோய் வராது. ஆனால் சிலர் இதனாலேயே இறந்தும் போனார்கள். இந்த முறையைப் பரப்பலாமா, கூடாதா?

பெர்னூலி 1760-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் தம் கணக்கை வைத்தார். எட்மண்ட் ஹாலி தயாரித்திருந்த பிறப்பு இறப்பு அட்டவணையை அவர் எடுத்துக்கொண்டார். அம்மை காணாதவர்களில் எட்டுப் பேருக்கு ஒருவர் வீதம் ஆண்டுதோறும் அம்மை பெறுகின்றனர், அவர்களில் எட்டுப் பேருக்கு ஒருவர் இறக்கின்றனர் என்று கொண்டு, வகைக்கெழுச் சமன்பாடு அமைத்துத் தீர்வு கண்டார். அன்றைய சராசரி ஆயுள் 26 ஆண்டு 7 மாதம். பெரியம்மையே இல்லாவிட்டால் அது 29 ஆண்டு 9 மாதமாக உயரும் என்பது அவருக்குக் கிடைத்த விடை. அம்மை குத்திக்கொள்பவர்களில் 200 பேருக்கு ஒருவர் இறந்தாலும் இந்த ஆதாயம் மிகச் சிறிதளவே குறையும். எனவே அம்மை குத்துவதே நாட்டுக்கு நல்லது என்றார்.

மற்றொரு பெரும் கணித அறிஞரான தலாம்பேர் இதனை ஒப்பவில்லை. நாட்டின் கணக்கு வேறு, தனி மனிதனின் கணக்கு வேறு என்பது அவர் வாதம். முப்பது வயதுள்ள ஒருவனிடம், "இன்று அம்மை குத்திக்கொள். இந்த மாதமே நீ இறக்கவும் கூடும். தப்பினால் முதுமையில் சில ஆண்டுகள் கூடுதலாக வாழலாம்" என்றால், அவன் தயங்குவது அறியாமையாகுமா? சராசரி உயர்வது நாட்டுக்கு ஆறுதல். ஆனால் இறப்பவன் சராசரி மனிதன் அல்லனே! இந்த வாதத்துக்குப் பெர்னூலியின் கணக்கில் விடை இல்லை. விடை வர ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஏனெனில் இருவருமே அம்மையை மழை, இடி போல வானத்திலிருந்து வரும் ஒன்றாகவே கணக்கில் கொண்டார்கள். நோய் ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவுகிறது என்ற உண்மை அக்கணக்கில் இடம் பெறவில்லை.

ஏறும்போதே இறக்கத்தைக் கண்டவர்

1865-66-இல் இங்கிலாந்தில் மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டது. மந்தைகள் ஆயிரக்கணக்கில் அழிந்தன. நாட்டின் கால்நடைச் செல்வமே போய்விடும் என்ற அச்சம் நாடாளுமன்றத்திலும் எழுந்தது. அப்போது பிறப்பு இறப்புப் புள்ளிவிவர அலுவலகத்தில் பணியாற்றிய வில்லியம் ஃபார் என்ற மருத்துவர், 1866 பிப்ரவரியில் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். நோய் கண்ட மாடுகளின் எண்ணிக்கை நாலு வாரத்துக்கு நாலு வாரம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஏறும் மடங்கைக் கவனித்தால், முதலில் ஏறத்தாழ இரண்டு மடங்கு, அடுத்து 1.8 மடங்கு, அதற்கடுத்து 1.4 மடங்கு என்று அது இறங்கிக்கொண்டு வந்தது. ஆகவே நோய் விரைவில் உச்சத்தைத் தொட்டுக் குறையும் என்றார் ஃபார். அவர் சொன்னபடியே நோய் தணிந்தது.

மேல்நோக்கி எறிந்த பந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே அதன் வேகம் குறைவதைக் கண்டு, அது இறங்கப் போவதை அறிகிறோம் அல்லவா? ஃபார் செய்ததும் அதுவே. ஆனால் பந்தின் வேகம் ஏன் குறைகிறது என்பதற்கு ஈர்ப்பு விசை என்ற காரணம் நம்மிடம் உண்டு. நோயின் வேகம் ஏன் குறைகிறது என்பதற்கு ஃபாரிடம் சரியான காரணம் இல்லை. நோய்ப்பொருள் ஒவ்வொரு தாவலிலும் வீரியம் இழக்கிறது என்றே அவரும் கருதினார்.

காரணத்தின் முதல் நூலிழை வேதியியலிலிருந்து வந்தது. இரு பொருள்கள் வினைபுரியும் வேகம் அவற்றின் செறிவுகளின் பெருக்கல் தொகைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது நிறைதாக்க விதி. இதனை 1864-இல் நார்வே நாட்டின் குல்பெர்க், வாகே இருவரும் வெளியிட்டனர். 1906-இல் வில்லியம் ஹேமர் என்ற ஆங்கில மருத்துவர் லண்டன் நகரின் தட்டம்மைக் கணக்குகளை ஆராய்ந்து, இதே போன்ற விதி நோய்க்கும் பொருந்தும் என்று காட்டினார். புதிதாக நோயுறுவோர் தொகை, நோயாளிகளின் எண்ணிக்கையையும் நோய் பெறக் கூடியவர்களின் எண்ணிக்கையையும் பெருக்கிய தொகையைப் பொறுத்தது. நோய் பெறக் கூடிய குழந்தைகள் நகரில் கணிசமாக எஞ்சியிருக்கும்போதே தட்டம்மை தணியத் தொடங்குகிறது என்பதையும் அவர் சுட்டிக் காட்டினார். கிருமியின் வீரியம் குறைய வேண்டிய அவசியமே இல்லை.

ராஸும் கொசுவும்

இனி இந்தியாவுக்கு வருவோம். ரொனால்ட் ராஸ் 1857-இல் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தவர். 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். மலேரியாவை ஆராய்வதே அவர் வாழ்க்கையின் நோக்கமாயிற்று. 1897-இல் நீலகிரியின் சீகூர் மலைப்பாதைப் பகுதியில் அந்நோயை ஆராயச் சென்றபோது அவரையே அக்காய்ச்சல் பற்றிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள் சிக்கந்தராபாத்தில், நோயாளியைக் கடித்த அனோஃபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

கொசுதான் காரணம் என்று தெரிந்தபின் கொசுவைக் குறைப்பதுதானே வழி? ஆனால் எதிர்ப்பு பலமாக இருந்தது. லாகூருக்கு அருகில் மியான் மீர் என்ற படைமுகாமில் 1901 முதல் சில ஆண்டுகள் கொசு ஒழிப்பு முயற்சி நடந்தது. பலன் தரவில்லை என்று அறிக்கை வந்தது. "கடைசிக் கொசு வரை கொல்ல யாரால் முடியும்? ஓரிடத்தில் அழித்தால் பக்கத்திலிருந்து பறந்து வராதா?" என்று கேட்டனர்.

இரண்டாவது கேள்விக்கு விடை காண, கொசு எவ்வளவு தூரம் பறக்கும் என்பதைக் கணக்கிட ராஸ் முயன்றார். திசை தெரியாமல் அங்குமிங்கும் பறக்கும் கொசு, புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கும்? இச்சிக்கலைப் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனிடம் கொண்டு சென்றார். பியர்சன் 1905-இல் 'நேச்சர்' இதழில் இதனைப் பொதுவான கணக்காக மாற்றி வெளியிட, ராலே பிரபு அடுத்த வாரமே விடை எழுதினார். குறிக்கோளற்ற நடை என்று இயற்பியலில் நாம் பயிலும் கருத்து அப்பெயரைப் பெற்றது இவ்வாறுதான். அதே 1905-இல்தான் ஐன்ஸ்டைன் பிரௌனியன் இயக்கத்தை விளக்கினார் என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

முதல் கேள்விக்கான விடைதான் இன்னும் முக்கியமானது. 1907-இல் மொரீஷியஸ் தீவின் மலேரியாவை ஆராய ராஸ் அனுப்பப்பட்டார். 1908-இல் அவர் அளித்த அறிக்கையில் ஒரு புதிய கணக்கு இருந்தது. அதன் போக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நாலு கொசுக்களில் ஒன்றுதான் மனிதனைக் கடிக்க வாய்ப்புப் பெறுகிறது எனக் கொள்வோம். அவ்வாறு கடித்தவற்றில் மூன்றில் ஒன்றுதான், உடலுக்குள் ஒட்டுண்ணி முதிரும் வரை உயிரோடு இருக்கிறது. அவற்றிலும் நாலில் ஒன்றுக்குத்தான் மீண்டும் மனிதனைக் கடிக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. ஆக 4 × 3 × 4 = 48 கொசுக்களில் ஒன்றே நோயை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொண்டு சேர்க்கும். நோயாளிகளோ இதற்கிடையே மாதந்தோறும் ஒரு பகுதியினர் குணமடைந்து வருகிறார்கள். கொசுக்கள் மிகக் குறைந்துவிட்டால், புதிதாக நோயுறுவோரைக் காட்டிலும் குணமடைவோர் மிகுதியாவர். நோய் தானே தேய்ந்து மறையும்.

தாம் எடுத்துக்கொண்ட தோராய மதிப்புகளைக் கொண்டு, ஆளுக்கு ஏறத்தாழ 40 கொசு என்பதே அந்த எல்லை என ராஸ் கணித்தார். எண்ணின் துல்லியம் இங்கு பெரிதன்று. அப்படி ஓர் எல்லை உண்டு என்பதே பெரிய செய்தி. கடைசிக் கொசுவைத் தேடி அலைய வேண்டாம். எல்லைக்குக் கீழே கொண்டுவந்தால் போதும். ஒளிமின் விளைவில் பயன்தொடக்க அதிர்வெண்ணுக்குக் கீழ் எவ்வளவு ஒளி பாய்ச்சினாலும் எலெக்ட்ரான் வெளிவராதல்லவா? அதைப் போலவே எல்லை மதிப்புக்குக் கீழ் நோய் பற்றாது. 1910-இல் ராஸ் வெளியிட்ட மலேரியா தடுப்பு பற்றிய நூலிலும், அதன் 1911-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இக்கணக்கு விரிவாக வளர்ந்தது.

223 வீடுகள்

1901-இல் ராஸ் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்கு மலேரியாப் பணிக்காகச் சென்றபோது, உடன் சென்ற இளம் மருத்துவர் ஒருவர் ஆண்டர்சன் மெக்கன்ட்ரிக். ஸ்காட்லாந்துக்காரர், இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்தவர். மருத்துவத்தில் கணிதத்தைப் பயன்படுத்தும் ஆர்வம் ராஸிடமிருந்து அவரைப் பற்றிக்கொண்டது. பிற்காலத்தில் அவர் கசௌலியிலுள்ள பாஸ்டர் நிலையத்தின் தலைவராக இருந்தார். 1926-இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், இந்தியச் சிற்றூர் ஒன்றில் பரவிய காலராவைப் பற்றிய சிறு கணக்கு வருகிறது. மாணவர்கள் அதை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஊரில் 223 வீடுகள். 168 வீடுகளில் எவருக்கும் நோயில்லை. 32 வீடுகளில் ஒவ்வொருவர், 16 வீடுகளில் இருவர், 6 வீடுகளில் மூவர், ஒரு வீட்டில் நால்வர் நோயுற்றனர். மொத்த நோயாளிகள் 86 பேர். எல்லா வீடுகளுக்கும் ஒரே அளவு ஆபத்து என்றால், இந்த 86 பேர் 223 வீடுகளில் எப்படிப் பரவியிருப்பர்? நிகழ்தகவுக் கணக்கில் வரும் பாய்சான் பரவலின்படி, ஒருவர் மட்டும் நோயுற்ற வீடுகள் 58 அல்லது 59 இருக்க வேண்டும், இருந்ததோ 32. மூவர் நோயுற்ற வீடு ஒன்றோ இரண்டோதான் இருக்கலாம், இருந்ததோ 6. கணக்குப் பொருந்தவில்லை.

மெக்கன்ட்ரிக் கணக்கைத் திருப்பிப் போட்டார். நோயில்லாத 168 வீடுகளை ஒதுக்கிவிட்டு, மற்ற எண்களை மட்டும் கொண்டு, உண்மையில் ஆபத்துக்கு உள்ளான வீடுகள் எத்தனை என்று கேட்டார். 93 என்று விடை வந்தது. 86 நோயாளிகளை 93 வீடுகளில் பரப்பினால் கணக்கு தருவது: ஒருவர் நோயுற்ற வீடுகள் 34, இருவர் 16, மூவர் 5, நால்வர் 1. கண்டதோ 32, 16, 6, 1. எவ்வளவு நெருங்கிய பொருத்தம்! அந்த 93-இல் 38 வீடுகள் ஆபத்துக்கு உள்ளாகியும் தப்பியவை. மற்ற 130 வீடுகள் ஆபத்துக்கே உள்ளாகாதவை. இதிலிருந்து அவர் செய்த ஊகம்: ஊரில் பல கிணறுகள் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்றுதான் கெட்டது, 93 வீட்டார் அதன் நீரைக் குடித்திருக்க வேண்டும். ஊரில் விசாரித்தபோது அவ்வாறே இருந்ததாக அவர் எழுதுகிறார். கிணற்றைக் காணாமலேயே கிணற்றைக் காட்டிய கணக்கு இது.

பார்வை இழந்தவரின் கணிதம்

மெக்கன்ட்ரிக் 1920-இல் இந்தியாவை விட்டு எடின்பரோ திரும்பி, அங்கு மருத்துவர் கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார். அங்கே வேதியியல் பகுதியில் பணியாற்றியவர் வில்லியம் கெர்மாக். 1924-இல் ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் காரப்பொருள் கண்ணில் பட்டு இரு கண்களின் பார்வையும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 26. அவர் ஆய்வை விட்டுவிடவில்லை. பிறர் படித்துக் காட்டக் கேட்டு, சமன்பாடுகளை மனத்திலேயே நிறுத்திக் கணக்கிட்டார். மருத்துவரும் வேதியியலாரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1927-இல் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. கொள்ளைநோய்க் கணிதத்தின் மூலக் கட்டுரை அதுவே எனலாம்.

அவர்கள் ஊர் மக்களை மூன்று பிரிவாகப் பிரித்தனர். நோய் பெறக் கூடிய நலமுள்ளோர் ஒரு பிரிவு. நோயாளிகள் ஒரு பிரிவு. குணமடைந்தோ இறந்தோ நோய்ச் சங்கிலியிலிருந்து விலகியோர் ஒரு பிரிவு. நலமுள்ளோர் நோயாளியாக மாறும் வேகம் இரு எண்ணிக்கைகளின் பெருக்கல் தொகையைப் பொறுத்தது. நோயாளிகள் விலகும் வேகம் நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்தது. முதலாவது நிறைதாக்க விதி. இரண்டாவது கதிரியக்கச் சிதைவு விதியைப் போன்றது.

இச்சமன்பாடுகள் தரும் முடிவை ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். 1000 பேர் உள்ள ஓர் ஊர். ஒவ்வொரு நோயாளியும், தாம் விலகுவதற்குள், இரண்டு பேருக்கு நோயைக் கொடுக்கும் அளவுக்குப் பழகுகிறார். தொடக்கத்தில் 1, 2, 4, 8 என்று நோய் பெருகும். ஊரில் பாதிப் பேர் ஒருமுறை நோயுற்ற பின் நிலைமை மாறுகிறது. நோயாளி பழகும் இருவரில் ஒருவர் ஏற்கெனவே நோய் கண்டு தேறியவராக இருப்பார். இப்போது ஒருவர் ஒருவருக்கே நோயைக் கொடுக்கிறார். இதுதான் உச்சம். நலமுள்ளோர் 500-க்குக் கீழே போனதும் நோய் இறங்குமுகமாகிறது.

ஆயினும் அந்த நொடியிலேயே அது நின்றுவிடாது. மிதிப்பதை நிறுத்திய பின்னும் மிதிவண்டி சிறிது தூரம் ஓடுவது போல, உச்சத்தில் இருக்கும் ஏராளமான நோயாளிகள் மேலும் பலருக்கு நோயைக் கொடுத்த பின்னரே அது ஓய்கிறது. கணக்கைத் தீர்த்தால் ஏறத்தாழ 800 பேர் நோயுறுகின்றனர். 200 பேர் தப்புகின்றனர். தப்பிய 200 பேரும் வலிமை மிக்கவர்கள் அல்லர். கிருமியும் வீரியம் இழக்கவில்லை. ஒரு நோயாளிக்கும் அடுத்த நலமுள்ளவருக்கும் இடையே தேறியவர்கள் பலர் வந்து நிற்பதால் சங்கிலி அறுந்துவிட்டது. கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இதுவே விடை.

அணுக்கருப் பிளவில் ஒரு நியூட்ரான் ஒன்றுக்கு மேற்பட்ட பிளவுகளை உண்டாக்கினால்தான் தொடர்வினை பெருகும்; அதற்கு மாறுநிலை நிறை வேண்டும் என்று படிக்கிறோம். அங்கு வரும் பெருக்கக் காரணியும், நோயில் ஒருவர் எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார் என்ற எண்ணும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அவ்வெண் ஒன்றுக்கு மேலா, கீழா என்பதே எல்லாம்.

பம்பாய் பிளேக்

1896-இல் பம்பாயில் புகுந்த பிளேக், அதன்பின் ஆண்டுதோறும் திரும்பி வந்து கொன்றது. கெர்மாக்கும் மெக்கன்ட்ரிக்கும் தங்கள் கணக்கைச் சோதிக்க, 1905 டிசம்பர் 17 முதல் 1906 ஜூலை 21 வரையிலான பம்பாய் பிளேக் சாவுகளை எடுத்துக்கொண்டனர். அவர்கள் வரைந்த மணி வடிவ வளைகோடு, 17-ஆம் வாரத்தில், வாரம் 890 சாவுகள் என்ற உச்சியைத் தொடுகிறது. அதன் கீழ் அடங்கும் மொத்தச் சாவுகள் ஏறத்தாழ 8,900. பதிவான புள்ளிகள் அக்கோட்டின் மீதே வரிசையாக அமர்ந்தன. இந்தப் படம் பாடநூல்களில் பலமுறை எடுத்தாளப்பட்டது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பம்பாய் பிளேக் பெரும்பாலும் ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவிய நோயன்று. எலி, எலியின் தெள்ளுப்பூச்சி, பிறகு மனிதன் என்று வந்தது. வெப்பம் மிகுந்த பருவத்தில் ஆண்டுதோறும் அது தணிவதும் வழக்கம். மனிதரிடையே காணும் பிளேக் எலிகளிடையே நடக்கும் கொள்ளைநோயின் பிரதிபலிப்பே என்பதையும், பருவ மாற்றத்தைத் தாங்கள் விட்டுவிட்டதையும் இவ்விருவரும் தங்கள் கட்டுரையிலேயே கூறினர். பின்னால் எடுத்தாண்டவர்களில் பலர் படத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டனர். கோடு பொருந்துவதாலேயே காரணம் சரியென்று ஆகிவிடாது. ஆய்வுக்கூடத்தில் வரைபடம் வரையும் ஒவ்வொரு மாணவரும் மனத்தில் கொள்ள வேண்டிய பாடம் இது.

எல்லையின் பயன்

1950-களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் என்ற ஆங்கில மலேரியா வல்லுநர் ராஸின் கணக்கை மேலும் கூர்மையாக்கினார். கொசுவின் எண்ணிக்கையைவிட அதன் ஆயுளே முக்கியம் என்று அவர் காட்டினார். ஒட்டுண்ணி கொசுவுக்குள் முதிர ஏறத்தாழ 10 நாள் வேண்டும் என்போம். நாளொன்றுக்கு 100-க்கு 90 கொசு பிழைத்தால், 10 நாள் தாண்டுபவை 35. நாளுக்கு 80 பிழைத்தால் 10 நாள் தாண்டுபவை 11-க்கும் குறைவு. நாளுக்குப் பாதிதான் பிழைக்கும் என்றால், ஆயிரத்துக்கு ஒன்றே தேறும். ஆகவே வீட்டுச் சுவரில் டி.டி.டி. தெளித்து, கடித்துவிட்டு வந்து அமரும் கொசுவின் ஆயுளைக் குறைப்பது மிகுந்த பலன் தரும்.

இந்தியாவில் 1953-இல் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாயினர் என மதிப்பிடப்பட்டது. மருந்து தெளிப்புத் திட்டத்தின் பயனாக 1965-இல் அது 1 லட்சம் அளவுக்கு இறங்கியது. ஆனால் கொசுக்கள் மருந்துக்குப் பழகின, தெளிப்பும் தளர்ந்தது. 1976-இல் 64 லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நோய் குறைந்துவிட்டது என்பதும், எல்லை நமக்குச் சாதகமாக நிலையாக மாறிவிட்டது என்பதும் ஒன்றல்ல. கையை எடுத்தால் நோய் மீண்டும் ஏறும் என்பதையும் அதே கணக்கு சொல்லுகிறது.

தடுப்பூசியில் இந்த எல்லை இன்னும் தெளிவாகத் தெரியும். நம் 1000 பேர் ஊரில் நோய் வரும் முன்னரே 500 பேருக்குச் சற்று மேல் தடுப்பாற்றல் தந்துவிட்டால் கொள்ளைநோய் எழவே எழாது. ஒருவர் ஐந்து பேருக்குக் கொடுக்கும் நோயானால் 100-க்கு 80 பேருக்கு மேல் தடுப்பாற்றல் வேண்டும். தட்டம்மையில் ஒருவர் 15 பேருக்குக் கூடக் கொடுக்கலாம். அதற்கு 100-க்கு 93-க்கு மேல் வேண்டும். பெரியம்மையை ஒழிக்கும் பணியில், மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் எல்லோருக்கும் பொதுவாக அம்மை குத்துவது மட்டும் போதவில்லை. எனவே ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியுள்ளோருக்கு உடனே அம்மை குத்திச் சங்கிலியை அறுத்தனர். இந்தியாவில் 1975 மே மாதத்தோடு பெரியம்மை முடிந்தது. உலகில் இயற்கையாக வந்த கடைசி நோய் 1977 அக்டோபரில் சோமாலியாவில் கண்டது. 1980-இல் பெரியம்மை ஒழிந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது.

கணக்கு சொல்வதும் சொல்லாததும்

1979-இல் விலங்கியலார் ராய் ஆண்டர்சனும், இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்த ராபர்ட் மேயும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரைகளால் இத்துறை புத்துயிர் பெற்றது. 2020-இல் கோவிட் பரவியபோது, ஒருவர் எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார் என்ற எண் நாளிதழ்களிலும் இடம்பெற்றது. அவ்வாண்டு மார்ச் மாதம் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர், எந்த நடவடிக்கையும் எடுக்காவிட்டால் பிரிட்டனில் 5 லட்சத்து 10 ஆயிரம் பேர் வரை இறக்கலாம் என்று கணித்தனர். அவ்வாறு நடக்கவில்லையே என்று பின்னர் குறை கூறியோர் உண்டு. "எடுக்காவிட்டால்" என்ற சொல்லை அவர்கள் மறந்தனர். கிரகணத்தைக் கணித்தால் கிரகணம் அதைக் கேட்டுத் தன் பாதையை மாற்றிக்கொள்வதில்லை. கொள்ளைநோயைக் கணித்தாலோ மக்கள் கேட்டுத் தம் நடத்தையை மாற்றிக்கொள்கிறார்கள். மேலும், ஊர் மக்கள் எல்லோரும் ஒரே சீராகக் கலந்து பழகுகிறார்கள் என்று எளிய கணக்கு கொள்கிறது. ஒரே அறையில் எட்டுப் பேர் வாழும் வீடும், தனி மாளிகையும் ஒன்றல்ல. எனவே இந்நாள் இத்தனை பேர் என்று சோதிடம் போல் கணக்கு சொல்லாது. எதைச் செய்தால் எந்தத் திசையில் போகும், எவ்வளவு செய்தால் போதும் என்பதைத்தான் அது சொல்லும்.

தலாம்பேரின் கேள்விக்கும் இப்போது விடை காணலாம். தனி மனிதன் தனக்கு வரும் இலாப நட்டத்தை மட்டும் எண்ணித் தயங்கலாம் என்றார் அவர். ஆனால் நோய் சங்கிலியாகப் பரவுவது. இன்றைய தடுப்பூசியை ஏற்பவர் தம்மை மட்டும் காத்துக்கொள்ளவில்லை. சங்கிலியில் ஒரு கண்ணியை அகற்றுகிறார். ஊசி போடும் வயதை எட்டாத பச்சைக் குழந்தையும், ஊசி ஏற்கும் உடல்நிலை இல்லாத நோயாளியும் அந்த இடைவெளியால் பிழைக்கிறார்கள். நம் ஊரில் 500 பேருக்குச் சற்று மேல் ஊசி போட்டுக்கொண்டால், போட்டுக்கொள்ளாத மற்றவர்களும் தப்புகிறார்கள். பெர்னூலியின் சமன்பாட்டில் விடுபட்டுப் போன உறுப்பு இதுவே.

வாசகர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, 1000 பேர் உள்ள ஊரில் ஒருவர் மூன்று பேருக்கு நோய் கொடுத்தால் எல்லை எது என்று தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். பிறகு தங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை குழந்தைகள் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டறிந்து, அந்த எண்ணை 93-உடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.